ட்ரோபோனின் எண்ணைக் கடிகாரத்தோடு படியுங்கள்: மாரடைப்பு நோயாளியின் ரத்தப் பரிசோதனைகளுக்கு ஒரு கையேடு

ட்ரோபோனின் என்பது இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் புரதம்; தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். அதில் டி, ஐ என இரு வகையை லேபில் அளப்பார்கள். கேஸ் ஷீட்டில் "ட்ராப் பாசிட்டிவ்" (ட்ரோபோனின் உயர்ந்திருக்கிறது) என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து அடுத்த ஷிஃப்ட் டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு, எந்த அலகில், வலி தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து, இதற்கு முந்தைய அளவு என்ன என்று நான்கும் தெரிந்தால்தான் அது ரிப்போர்ட். கேஷுவால்டி டியூட்டி டாக்டர், சி.சி.யூ. நர்ஸ், லேப் டெக்னீஷியன் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. நோயாளியின் வீட்டார் படித்தால் கையில் இருக்கும் தாளில் என்ன இருக்கிறது என்று புரியும். ஆனால் இதை வைத்து மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

முதலில் ஈ.சி.ஜி.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும். அதில் எஸ்.டி. என்ற பகுதி உயர்ந்திருந்தால் (ஸ்டெமி வகை மாரடைப்பு) ட்ரோபோனினுக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை. ரத்தம் எடுத்து அனுப்புங்கள். ரிப்போர்ட் வருவதற்குள் அடைப்பைத் திறக்கும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்ட ஸ்டெமி நோயாளிக்கு ட்ரோபோனின் நார்மலாகவே வரலாம். தசைச் செல் சிதைந்து, உள்ளே இருந்த புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்க நேரம் பிடிக்கும். அந்த நார்மலைப் பார்த்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸைத் தள்ளிப்போட்டால், பரிசோதனை பாசிட்டிவாக மாறும்போது காப்பாற்றியிருக்கக்கூடிய தசை போயிருக்கும்.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே நடக்கும் தவறுகள்

லேபைக் குறை சொல்வதற்கு முன் ஊசி குத்திய கையைப் பாருங்கள். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் விடும் குழாய்) போடும்போதே அதன் வழியாகச் சிரிஞ்சை வைத்து வேகமாக இழுத்து, அதே ஊசியால் டியூப் மூடியைக் குத்தி அழுத்திச் செலுத்துவது எல்லா கேஷுவால்டியிலும் நடக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அப்படி உடைந்த சாம்பிளில் ட்ரோபோனின் டி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ட்ரோபோனின் ஐ கருவியைப் பொறுத்து ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பொட்டாசியம் கட்டாயம் ஏறும். தனியாகக் குத்தி எடுப்பதே நல்லது. சிரிஞ்சில்தான் எடுத்தீர்கள் என்றால் ஊசியைக் கழற்றி, மூடியைத் திறந்து, டியூப் சுவரோரமாக மெல்ல விடுங்கள். டிரிப் ஓடும் கையில் எடுக்கக் கூடாது.

டியூப் நிறத்திலும் கவனம் வேண்டும். ட்ரோபோனினுக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் வசதி. உறைய விடாமல் உடனே சுழற்றலாம். மஞ்சள் மூடி ஜெல் டியூப் என்றால் அரை மணி நேரம் உறைய விட வேண்டும். அவசரத்தில் பாதி உறைந்ததைச் சுழற்றினால் ஃபைப்ரின் இழைகள் மிதந்து, இல்லாத ட்ரோபோனினை இருப்பதாகக் காட்டும். முதல் சாம்பிளை எந்த நிற டியூப்பில் எடுத்தீர்களோ அடுத்தடுத்தவற்றையும் அதிலேயே எடுங்கள். பி.என்.பி.க்கு (இதய அறை திணறுவதைக் காட்டும் பரிசோதனை, பின்னால் வருகிறது) ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. பிளாஸ்டிக் டியூப். மஞ்சளில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புபவர்கள் உண்டு. அந்த டியூப்பில் இருப்பது பொட்டாசியம் உப்பு. பொட்டாசியம் எகிறி, கால்சியம் தரைக்கு வந்த ஒரு ரிப்போர்ட் வரும்; அதைப் பார்த்து நோயாளிக்குச் சிகிச்சையும் நடந்துவிடும்.

கடைசியாக லேபிள். பெயர், ஐ.பி. நம்பரோடு ரத்தம் எடுத்த மணி, நிமிடம். லேபுக்குச் சாம்பிள் வந்த நேரம்தான் ரிப்போர்ட்டில் அச்சாகும். அது எடுத்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திக்கூட இருக்கலாம். ஒரு மணி நேர இடைவெளியில் 5 நானோகிராம் ஏறியதா என்று பார்க்கும் பரிசோதனையில் இந்தத் தவறு எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

அலகு: ஆயிரம் மடங்கு வித்தியாசம்

0.014 நானோகிராம்/மி.லி., 14 நானோகிராம்/லிட்டர், 14 பிகோகிராம்/மி.லி. மூன்றும் ஒன்றே. பழைய முறை லேப்கள் முதல் அலகில் தரும். அதிநுண்ணிய (மிகச் சிறு அளவையும் பிடிக்கும்) ட்ரோபோனின் செய்யும் லேப்கள் பெரும்பாலும் மற்ற இரண்டில் தரும். ரெஃபரல் சீட்டில் "ட்ராப் 0.9" என்றும், புதிய இடத்தில் "650" என்றும் இருந்தால் எழுநூறு மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. 0.9 என்பது 900. அதற்காக 900இலிருந்து 650க்கு இறங்கிவிட்டது என்றும் சொல்லிவிடாதீர்கள். ஒன்று ட்ரோபோனின் ஐ, மற்றது டி என்றால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இரண்டும் ஐ என்றாலும் கம்பெனி வேறானால் அளவுகோல் வேறு. இடம் மாறி வந்த நோயாளிக்கு உங்கள் லேபில் புதிதாக 0 மணி (வந்தவுடன் எடுக்கும்) சாம்பிளிலிருந்து தொடங்குங்கள்.

எதற்கு மேல் போனால் அதிகம் என்பதற்கு நலமான மக்களில் 99ஆவது சதமானத்தை (நூற்றில் 99 பேர் அதற்குக் கீழே இருப்பார்கள்) கோடாக வைத்திருக்கிறார்கள். ரோஷ் கம்பெனியின் அதிநுண்ணிய ட்ரோபோனின் டிக்கு அது 14 நானோகிராம்/லிட்டர். அபாட் கம்பெனியின் ஆர்க்கிடெக்ட் கருவியில் ட்ரோபோனின் ஐக்கு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. பெண் நோயாளிக்கு ஆணின் கோட்டை வைத்துப் பார்த்தால் சில மாரடைப்புகள் கண்ணில் படாமல் போகும்.

0 மணி, 1 மணி: கணக்குப் போடும் விதம்

எஸ்.டி. உயராத நோயாளிக்குத்தான் இந்தக் கணக்கு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் ரோஷ் ட்ரோபோனின் டிக்கு உள்ள எண்கள் இவை. வந்தவுடன் எடுத்தது 5க்குக் கீழே, அதோடு வலி தொடங்கி 3 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அந்த ஒரு சாம்பிளே மாரடைப்பு இல்லை என்று சொல்லப் போதும். முதல் அளவு 12க்குக் கீழே இருந்து, ஒரு மணி நேரத்தில் மாற்றம் 3க்குக் குறைவு என்றாலும் இல்லை எனலாம். முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல், அல்லது ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் மாற்றம் என்றால் மாரடைப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் சேராதவரை வீட்டுக்கு அனுப்பாமல் 3 மணி நேரத்தில் இன்னொரு சாம்பிளும் எக்கோவும் (இதய ஸ்கேன்) பாருங்கள். அபாட் ஆர்க்கிடெக்ட் என்றால் இதே இடங்களில் 4, 5, 2, 64, 6 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 58 வயது ஆண். அதிகாலை 2:10க்கு வலி. 3:40க்கு எடுத்த ட்ரோபோனின் டி 11. கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. லேப் தாளில் அம்புக்குறி இருக்காது, தடித்த எழுத்து இருக்காது, "கேஸ் டிரபிள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பத் தோன்றும். 4:40க்கு மறுபடி எடுத்தால் 19. ஒரு மணி நேரத்தில் 8 ஏறியிருக்கிறது. இவருக்கு மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது. இன்னொருவர் டயாலிசிஸ் நோயாளி: 78, ஒரு மணி கழித்து 80, மூன்று மணியில் 79. முதல் அளவே 52க்கு மேல். சட்டப்படி பார்த்தால் மாரடைப்பு. ஆனால் எண் அசையவில்லை. முதல் அளவே கோட்டுக்கு மேலே இருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் புதிய சேதம் என்று கொள்வது வழக்கம். இவருடையது நாள்பட்ட சேதம். அதற்காக இதை அலட்சியம் செய்யவும் கூடாது. சிறுநீரக நோயாளிகளில் ட்ரோபோனின் தொடர்ந்து உயர்ந்தே இருப்பவர்களுக்கு வரும் ஆண்டுகளில் ஆபத்தும் அதிகம்.

செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று), நுரையீரல் ரத்தக்கட்டி, வேகமாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு), கடும் ரத்தசோகை, பக்கவாதம் ஆகியவற்றிலும் ட்ரோபோனின் ஏறி இறங்கும். இதயத் தசைக்குச் சேதம் என்பதைத்தான் ட்ரோபோனின் சொல்லும். காரணத்தை ஈ.சி.ஜி.யும் எக்கோவும் நோயாளியின் பேச்சும் சொல்ல வேண்டும்.

ட்ராப் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

சிறு ஊர்களில் கையில் இருப்பது, சில சொட்டு ரத்தம் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கும் ட்ரோபோனின் கார்டுதான். பயனற்றது என்று ஒதுக்க வேண்டாம், ஆனால் அதன் கண் எவ்வளவு மங்கல் என்று தெரிந்திருக்க வேண்டும். பல ட்ரோபோனின் ஐ கார்டுகளில் கோடு விழ 0.5 நானோகிராம்/மி.லி. தேவை, அதாவது லிட்டருக்கு 500. மேலே சொன்ன 58 வயதுக்காரருக்குக் கார்டு இரண்டு முறையும் நெகட்டிவ் காட்டும். கார்டு பாசிட்டிவ் என்றால் நம்புங்கள். நெகட்டிவ் என்றால் 6 மணி நேரம் கழித்து மறுபடி போடும்வரை நோயாளியை வைத்திருங்கள், நடுவில் ஈ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுங்கள். உறையில் போட்டிருக்கும் நிமிடங்களைத் தாண்டிக் காய்ந்த கார்டில் தோன்றும் மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எண் பெரிதானால் ஆபத்தும் பெரிதா?

ஆம், பொதுவாக. 1996இல் ஆன்ட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வந்தபோது ட்ரோபோனின் ஐ 0.4 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே இருந்தவர்களில் 42 நாளில் இறந்தவர்கள் 1 சதவீதம், 0.4உம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3.7 சதவீதம், 9க்கு மேல் போனவர்களில் 7.5 சதவீதம். படிப்படியாக ஏறும் ஆபத்து இது.

ஆனால் சிக்கல் இருக்கிறது. அடைப்பைத் திறந்தவுடன் தேங்கியிருந்த ட்ரோபோனின் மொத்தமாகக் கழுவிக்கொண்டு வெளியே வரும். ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து ஆறு மணியில் எண் பத்து மடங்காகியிருப்பதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். அது ரத்த ஓட்டம் திரும்பியதன் அடையாளமாகவும் இருக்கலாம். சீக்கிரம் உச்சம் தொட்டுச் சீக்கிரம் இறங்குவது நல்லதே. திறக்காத அடைப்பில் உச்சம் தாமதமாக, 24 மணியை ஒட்டி வரும். எவ்வளவு தசை போனது என்று அறிய உச்சத்தைத் துரத்தி இரண்டு மணிக்கு ஒருமுறை குத்த வேண்டியதில்லை. 3ஆம் அல்லது 4ஆம் நாள் எடுக்கும் ஒரே அளவு தழும்பின் அளவோடு நன்றாகப் பொருந்துகிறது. இந்தக் கட்டத்தில் ட்ரோபோனின் டி 10 முதல் 14 நாள்வரை, ஐ 7 முதல் 10 நாள்வரை உயர்ந்தே இருக்கும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். "இன்னும் குறையவில்லையே" என்ற கேள்வி மிச்சமாகும்.

சி.கே.-எம்.பி. என்ற பழைய தசை நொதிப் பரிசோதனையை இன்னும் எல்லோருக்கும் எழுதுவது பழக்கதோஷம். 48 முதல் 72 மணியில் நார்மலாகிவிடும் என்பதால், நான்காம் நாள் மறுபடி வலி வந்தால் புதிய மாரடைப்பா என்று பார்க்க அதற்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது. இன்று இறங்கிக்கொண்டிருக்கும் ட்ரோபோனின் 20 சதவீதத்துக்கு மேல் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்தாலே போதும். இன்னொரு தொல்லை: வலிக்கு வழியில் ஏதோ கிளினிக்கில் இடுப்பில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொண்டு வருவார்கள். தசை ஊசியால் சி.கே. ஏறும், ட்ரோபோனின் ஏறாது. அந்த ஊசி போட்ட இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் அங்கேதான் ரத்தம் கட்டும்.

பி.என்.பி.: தசை போனதல்ல, அறை திணறுவது

1988இல் பன்றி மூளையில் முதலில் கண்டதால் இதன் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. சுரப்பது பெரும்பாலும் இதயக் கீழறை. சுவர் இழுபடும்போது சுரக்கும். ட்ரோபோனின் எவ்வளவு உடைந்தது என்று சொன்னால், மீதி எப்படிச் சமாளிக்கிறது என்று இது சொல்லும். 2001இல் டி லெமோஸ் குழு 2,525 நோயாளிகளிடம் பார்த்தபோது, பி.என்.பி. 80 பிகோகிராம்/மி.லி.க்கு மேல் இருந்தவர்களுக்கு 10 மாதத்தில் இறப்பு, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு மூன்றும் அதிகம். ட்ரோபோனின் நெகட்டிவாக இருந்தவர்களிலும் அப்படியே. அந்த ரத்தம் சராசரியாக வலி தொடங்கி 40 மணியில் எடுத்தது. ஆகவே வந்த நிமிடத்தில் அனுப்பாமல், இரண்டாம் நாள் காலை சாம்பிளோடு ஒரு முறை அனுப்புங்கள்.

படிக்கும்போது சரிசெய்ய வேண்டியவை: உடல் பருத்தவருக்கு எண் குறைவாகவே வரும், அதனால் அவருடைய "நார்மல்" நார்மல் இல்லாமல் இருக்கலாம். வயது, சிறுநீரகக் கோளாறு, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் மூன்றும் எண்ணை ஏற்றும். இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்குப் பி.என்.பி. மருந்தாலேயே ஏறும், அவருக்கு என்.டி.-ப்ரோ பி.என்.பி. (பி.என்.பி.யோடு சேர்ந்து வெளிவரும் துண்டு) கேளுங்கள். இரண்டின் எண்களும் வேறு வேறு. ஒன்றின் எல்லையை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

விலை குறைந்த பரிசோதனைகளே அதிகம் சொல்கின்றன

ஆயிரக்கணக்கில் பில் போடும் "கார்டியாக் ரிஸ்க் பேனல்" பக்கம் போவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பாருங்கள். யார் பிழைப்பார் என்று கணிக்க உலகமெங்கும் பயன்படும் கிரேஸ் கணக்கில் எட்டு விவரங்கள்தான்: வயது, நாடித்துடிப்பு, மேல் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், கில்லிப் நிலை (இதயச் செயலிழப்பின் தீவிரம்), வரும்போதே இதயம் நின்றிருந்ததா, எஸ்.டி. மாற்றம், ட்ரோபோனின் உயர்வு. ட்ரோபோனினுக்கு அதில் ஆம், இல்லை என்ற ஒரே பதில். கிரியாட்டினினுக்கு எண்ணுக்கேற்ற புள்ளி. மொத்தம் 140ஐத் தாண்டினால் 24 மணிக்குள் ஆஞ்சியோகிராம் நோக்கிப் போக வேண்டிய நோயாளி. செயலியில் போடும்போது கிரியாட்டினின் அலகு மி.கி./டெ.லி.யா, மைக்ரோமோலா என்று பாருங்கள், 1.2ஐ மைக்ரோமோலாகப் போட்டால் ஆபத்தில்லாதவர் போல் காட்டும்.

ஆஞ்சியோகிராமுக்குச் சாய மருந்து ஏற்றிய பிறகு 48 மணியில் கிரியாட்டினினை மறுபடி பாருங்கள். 0.3 மி.கி. ஏறினாலே சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது. மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் கேட்டுப் போகிறவர்களிடம் இந்த ஒரு பரிசோதனையை மட்டுமாவது ஊரில் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வந்தபோது சர்க்கரை 180க்கு மேல் இருப்பது சர்க்கரை நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கெட்ட சகுனம். கூடவே ஹெச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அனுப்பினால் இது இன்றைய அதிர்ச்சியால் ஏறியதா, நெடுநாளாக இருந்ததா என்று பிரித்துவிடலாம். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் மாரடைப்போடு வருபவர்கள் நம் ஊரில் குறைவில்லை. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இதயத்துக்கும் கஷ்டம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளுக்கும் கஷ்டம். எங்காவது கசிகிறதா என்று தேட வேண்டும். பொட்டாசியத்தை 4.5க்கு மேல் தள்ளிவைக்கும் பழைய பழக்கம் வேண்டாம்: 2012இல் 38,689 மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது இறப்பு மிகக் குறைவாக இருந்தது 3.5 முதல் 4.5 வரையில்தான்.

கொழுப்புப் பரிசோதனை முதல் 24 மணிக்குள். அதன் பிறகு மாரடைப்பின் விளைவாகவே எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) இறங்கிவிடும், நான்காம் நாள் 90 என்று வந்ததை நம்பிக் கொழுப்பு மருந்தான ஸ்டாட்டினைக் குறைத்துவிடாதீர்கள். இலக்கு 55க்குக் கீழே. 4 முதல் 6 வாரத்தில் மறுபடி.

ரத்த அழுத்தம் விழுந்து, கை கால் சில்லிட்டிருக்கும் நோயாளிக்குப் பார்க்க வேண்டியது லாக்டேட் (ரத்த ஓட்டம் போதாத திசுக்களில் சேரும் பொருள்). 5 மில்லிமோலுக்கு மேல் இருப்பது ஷாக் நோயாளிகளில் இறப்பைக் கணிக்கும் வலுவான குறிகளில் ஒன்று. தமனி ரத்தத்தில், ரத்த வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. கருவியில் உடனே போடுங்கள். டோர்னிகே கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தத்தில் வரும் லாக்டேட் பாதி அந்தக் கட்டுடையது. ஒரு முறை பார்ப்பதைவிட, சில மணிக்கொரு முறை இறங்குகிறதா என்று பாருங்கள்.

மற்றவை

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மாரடைப்புக்குப் பின் இரண்டு மூன்று நாளில் தானாக உச்சம் தொடும். அப்போது எடுத்தால் பெரிய மாரடைப்பு என்று தெரிந்ததையே திரும்பச் சொல்லும். எஞ்சியிருக்கும் அழற்சியைப் பார்க்க வேண்டுமானால் குறைந்தது ஒரு மாதம் கழித்து, சளி காய்ச்சல் இல்லாத நாளில். ட்ரோபோனின், சி.ஆர்.பி., பி.என்.பி. மூன்றில் எத்தனை உயர்ந்திருக்கின்றன என்று எண்ணினாலே ஆபத்து ஏறுவதை 2002இல் சபாட்டீன் குழு காட்டியது; ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துச் சிகிச்சையை மாற்றும் வழக்கம் வேரூன்றவில்லை. ஜி.டி.எஃப்.-15, எஸ்.டி.2, கேலக்டின்-3 ஆகிய ரத்தக் குறிகள் ஆய்வுக்கு அழகு, வார்டுக்குத் தேவையில்லை. நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் (இரு வெள்ளணு வகைகளின்) விகிதம் காசில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றும் அதே எண்ணைத் தரும்.

எண் பொய் சொல்வதாகத் தோன்றினால்

நோயாளியின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்றால் மூன்று கேள்வி. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? அதிக அளவில் எடுத்தால் சில கருவிகளில் ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கடைசி மாத்திரை எப்போது என்று கேட்டு லேபுக்குச் சொல்லுங்கள். வலியே இல்லாமல், ஏறாமல் இறங்காமல் நாட்கணக்கில் ஒரே உயரத்தில் நிற்கிறதா? ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதங்கள் சோதனையில் குறுக்கிடலாம். வேறு கம்பெனி முறையில் செய்து பாருங்கள். தசை நோய் உள்ளவரா? ட்ரோபோனின் டி மட்டும் உயர்ந்திருந்தால் ஐயையும் செய்து பாருங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் எழுத வேண்டிய வரி

அந்த 58 வயதுக்காரருக்கு இப்படி எழுதினால், ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் நெஞ்சுவலியோடு போய் நின்றாலும் அங்குள்ள டியூட்டி டாக்டருக்குப் பயன்படும்:

"வலி தொடக்கம் 02:10. ட்ரோபோனின் டி, அதிநுண்ணியது, நானோகிராம்/லிட்டர்: 03:40இல் 11; 04:40இல் 19; ஸ்டென்ட்டுக்குப் பின் 14:00இல் 2,180; 4ஆம் நாள் 640. என்.டி.-ப்ரோ பி.என்.பி. 2ஆம் நாள் 890 பிகோகிராம்/மி.லி. கிரியாட்டினின் 1.1, 48 மணியில் 1.2. சர்க்கரை 212, ஹெச்.பி.ஏ.1சி 7.9, புதிதாகக் கண்டது. எல்.டி.எல். 148, முதல் நாள் எடுத்தது. எல்.டி.எல்., கிரியாட்டினின், பொட்டாசியம் மறுபடி: 6ஆம் வாரம்."